‘அப்ப என்ர மகன்?’: வன்னியில் ஒரு மறுஞானஸ்நான விவகாரம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையிலிருந்து மூன்று குடும்பம், திரும்ப ஞானஸ்நானம் எடுக்கச் சொன்ன ஒரு புதுக் கூட்டத்தின் பக்கம் போனது. ஒன்று திரும்பி வந்தது, ஒன்று வரவில்லை, ஒன்று இரண்டு பக்கமும் போய் வருகிறது. வெற்றிக் கதை வாசிக்க வந்தவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ 35 வீதியில் இறங்கி, வாய்க்கால் கட்டோடு கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் ஊர். ஊரின் பெயரும், ஆட்களின் பெயரும், அந்தக் கூட்டத்தின் பெயரும் எழுதப் போவதில்லை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறவன். இந்த இரண்டாவது வேலைதான் இந்தக் கதையில் முக்கியம். ஏனென்று பிறகு தெரியும்.

2024 மாசி, காலபோக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருந்த நாட்கள். ஊருக்குள் ஒரு தகரக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த ஒரு பாஸ்டர், முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல குரல், மோட்டார் சைக்கிளில் வருவார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் அது பொய். காய்ச்சல் என்றால் ஆளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவார், வீடு வீடாகப் போய் இருந்து கதைப்பார். எங்கள் போதகர் ஒருவரே பல ஆலயங்களைப் பார்க்கிறவர், எங்களிடம் ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறுதான் வருவார். ஆக அந்த இடைவெளியை யார் நிரப்பினார்கள் என்பது விளங்கும்.

இரண்டு மாதம் ஜெபமும் பாட்டும்தான். சித்திரைக்குப் பிறகு பாடம் தொடங்கியது. ‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பது பெயர் இல்லை, மூன்று பட்டம். பெயர் இயேசு. பட்டத்தில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது. பேதுரு என்ன சொன்னார்? இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே என்று சொன்னார். ஆகவே திரும்ப எடுக்க வேண்டும், எடுக்காதவன் இரட்சிக்கப்படவில்லை.’ இதற்குக் கீழே அடுத்த தட்டு: கடவுள் ஒரே ஆள், அவரே சிருஷ்டிப்பில் பிதா, மீட்பில் குமாரன், இப்போது நமக்குள் ஆவி. மூவர் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் 325ல் கொன்ஸ்தந்தீன் அரசன் நிசேயாவில் கூட்டம் கூட்டித் திணித்தது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டு மூன்று குடும்பம் பெயர் கொடுத்தது. முழுக்கு வைக்க வாய்க்காலில் இடம் பார்த்து நாளும் குறித்தார்கள்.

மூன்றில் ஒன்று ஒரு அக்காவின் வீடு. அவவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவவின் மூத்த மகன், போர் முடிந்த 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலம் தாண்டும்வரை கூட வந்தவன். தாண்டிய பிறகு இல்லை. வயது 18. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தவ. 2017 மாசி 20 கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு போய் இருந்தவ. மகன் செத்துவிட்டான் என்று யார் சொன்னாலும் எழும்பிப் போய்விடுவா. அவனுக்குக் கைக்குழந்தையில் எங்கள் ஆலயத்தில்தான் ஞானஸ்நானம். மூன்று பெயரும் சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றி.

முழுக்குக்கு முந்தின கிழமை பாஸ்டரிடம் அவ ஒரு கேள்வி கேட்டா. ‘அது செல்லாதெண்டால், அப்ப என்ர மகன்?’ பாஸ்டர் என்ன சொன்னார் என்று இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போனது: ‘அது தேவனுடைய தீர்ப்பு அம்மா. நீங்கள் முதலில் உங்களைப் பாருங்கோ.’ கடுமையாகச் சொல்லவில்லையாம், ஆறுதலாகத்தான் சொன்னாராம். அவ வீட்டுக்கு வந்து மூன்று நாள் சமைக்கவில்லை.

என் காதுக்கு இது அப்போதுதான் வந்தது. அதுவரை ‘பட்டமா பெயரா’ என்பது தாடிக்காரர் சண்டை மாதிரி எனக்குத் தெரிந்தது.

நான் தோற்ற சனிக்கிழமை

கோபத்தோடு போனேன். சனிக்கிழமை பின்னேரம், கொட்டகைக்கு முன்னால் பாலை மரத்தடியில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு ஒரு இருபது பேர் இருக்கிறார்கள், நான் வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று பெயரிலும் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிற மத்தேயு 28:19ஐ வாசித்தேன், அவர் பேதுரு இயேசுவின் நாமத்தில் என்று சொன்ன அப்போஸ்தலர் 2:38ஐ வாசித்தார், நான் லூக்கா 3ல் இயேசு தண்ணீரில் நிற்க ஆவி புறாவைப்போல இறங்கப் பிதா பேசினாரே என்றேன், அவர் ஏசாயா 9:6ல் பிறக்கப்போகிற பாலகனுக்கு ‘நித்திய பிதா’ என்று பெயர் இருக்கிறதே என்றார், இப்படியே வசனத்துக்கு வசனம் பந்தடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம். பிறகு அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்.

‘மாஸ்டர், நீங்கள் பிள்ளையளுக்குத் திரித்துவத்தை எப்படி விளங்கப்படுத்திறனீங்கள்?’

நான் பெருமையாகச் சொன்னேன். தண்ணீர் ஒன்று, அதுவே பனிக்கட்டி, அதுவே நீராவி. ஒரே ஆள் வீட்டில் தகப்பன், அவருடைய தாய்க்கு மகன், மனைவிக்குக் கணவன். பத்து வருடமாக இதைத்தான் கரும்பலகையில் படம் கீறிச் சொல்லியிருக்கிறேன்.

‘அதைத்தான் நானும் சொல்லுறன்’ என்றார். ‘ஒரே ஆள், மூன்று நிலை. உங்கட பாடத்தை நான் முடிச்சு வைக்கிறன், அவ்வளவுதான்.’

கூட்டத்தில் என்னிடம் படித்த இரண்டு பெடியன்கள் இருந்தார்கள். தலையாட்டினார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லோரும் பிழையான போதனை வெளியிலிருந்து வேலி பாய்ந்து வருகிறது என்று பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அது என் வெண்கட்டியால் கரும்பலகையில் எழுதப்பட்டு, பத்து வருடம் தண்ணீர் ஊற்றி வளர்க்கப்பட்டது. பாஸ்டர் வந்து அறுவடை செய்தார்.

தண்ணீரில் என்ன பிழை

இந்த உவமைக்கு 1800 வருடப் பழைய பெயர் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் சபெல்லியு என்பவர் இதைப் போதித்தார். கடவுள் ஒரே ஆள், பிதா, குமாரன், ஆவி என்பவை அவர் மாற்றிப் போடுகிற வேடங்கள். 220ஐ ஒட்டி ரோமச் சபை அவரை விலக்கியது. அதே காலத்தில் இதே மாதிரிப் போதித்த பிரக்சேயா என்பவரை எதிர்த்துக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஒரு நூலே எழுதினார். பிரக்சேயா பிசாசுக்கு இரண்டு வேலை செய்து கொடுத்தான், ஆவியானவரைத் துரத்தினான், பிதாவைச் சிலுவையில் அறைந்தான் என்று அதில் ஒரு குத்தல். மனுசனுக்கு நாக்கு கூர்மை. கவனியுங்கள், இது நிசேயாவுக்கு நூறு வருடம் முந்தியது. நிசேயாவில் வழக்கு வேறு, அங்கே ஆரியு என்பவர் குமாரன் படைக்கப்பட்டவர் என்றார். ‘திரித்துவம்’ என்பதற்கான லத்தீன் சொல் தெர்த்துல்லியன் கையிலேயே இருக்கிறது, கிரேக்கத்தில் அதற்கும் முன்னால் அந்தியோக்கியாத் தெயோப்பிலு 180 அளவில் எழுதியிருக்கிறார். கொன்ஸ்தந்தீனுடைய தலையில் எதையும் கட்டலாம், இதைக் கட்ட முடியாது.

விஞ்ஞான வாத்தியாராக எனக்கு இன்னொரு வெட்கம். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் மூன்றாகவும் இருக்கலாம் என்று ஒரு உயர்தரப் பெடியன் பிறகு எனக்கு ஞாபகப்படுத்தினான், மும்மைப்புள்ளி, 0.01 பாகை செல்சியஸில், வளிமண்டல அமுக்கத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அமுக்கத்தில். சரி, ஆனால் அங்கேயும் ஒரு பங்கு கட்டி, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு ஆவி. கடவுள் பங்கு பிரிந்தவர் இல்லையே. ஒரு பக்கம் போனால் வேடம், மற்றப் பக்கம் போனால் துண்டு. உவமையை விட்டுவிட்டேன். இப்போது பிள்ளைகளுக்கு இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடத்தை வாசித்துக் காட்டுகிறேன், யார் தண்ணீரில், யார் இறங்குகிறார், யார் பேசுகிறார் என்று கேட்கிறேன். அதோடு சரி.

இன்னொரு சிக்கல் எங்கள் ஊருக்கே உரியது. சுற்றிவரச் சைவ வீடுகள். ‘மூவர்’ என்றதும் பிரம்மா, விஷ்ணு, உருத்திரன் என்று ஆக்கல், காத்தல், அழித்தலுக்கு மூன்று பேர் என்ற படம் தானாக வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் ‘இல்லை இல்லை, ஒரே ஆள்தான்’ என்று மற்றப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

அப்புறம் எனக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணம். யோவான் 10:30. பாஸ்டருக்கு மிகப் பிடித்த வசனம், ‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்’. அதையே ஆறுதலாக வாசியுங்கள். ‘இருக்கிறோம்’, இருக்கிறேன் இல்லை. ‘ஒன்றாய்’, ஒருவனாய் இல்லை. ஒருவன் என்றால் ஆள், ஒன்று என்றால் ஆளைக் குறிக்காது, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் திணை தெரியும். இயேசுவே பிதா என்றால் ‘நானே பிதா, ஒருவனாயிருக்கிறேன்’ என்று வரவேண்டும். கிரேக்க மூலத்திலும் இப்படியே, ‘ஒன்று’ அஃறிணை போல, வினை பன்மை. தெர்த்துல்லியனும் லத்தீனில் இதே இடத்தைத்தான் பிடித்துக்கொண்டு பிரக்சேயாவைக் கேட்டார், ‘ஒருவன்’ என்றா சொன்னார், ‘ஒன்று’ என்றல்லவா சொன்னார் என்று. கார்த்தேஜில் ஒரு வழக்கறிஞர் மூளைக்காரன் கண்டுபிடித்தது எங்கள் வேதாகமத்தில் பச்சைத் தமிழில் கிடக்கிறது, நாங்கள்தான் ஓடி ஓடி வாசித்தோம்.

இயேசு ஜெபித்தது யாரிடம் என்று கேட்டால் அவர்களிடம் ஒரு பதில் தயார்: மனுஷத்தன்மை தேவத்தன்மையிடம் ஜெபித்தது. கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் யோவான் 17:5ல் உலகம் உண்டாகும் முன்னே உம்மிடத்தில் எனக்கு இருந்த மகிமை என்கிறார், 24ல் உலகம் தோன்றும் முன் நீர் என்னில் அன்பாயிருந்தீர் என்கிறார். அப்போது மரியாளும் இல்லை, மாம்சமும் இல்லை. மனுஷத்தன்மை இல்லாத காலத்தில் ‘நீர்’ என்பவரும் ‘என்னில்’ என்பவரும் யார்? யோவான் 8:17லும் 18லும் இன்னும் நேர். இரண்டு பேருடைய சாட்சி உண்மை என்று நியாயப்பிரமாணத்தைக் காட்டிவிட்டு, ஒன்று நான், ஒன்று என் பிதா என்று எண்ணிக் காட்டுகிறார். ஒரே ஆள் இரண்டு தொப்பி போட்டு இரண்டு சாட்சி சொன்னால் அதை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

அக்கா வீட்டு விறாந்தை

இதையெல்லாம் படித்துக்கொண்டு இரண்டாம் தரம் நான் பாஸ்டரிடம் போகவில்லை. அக்காவிடம் போனேன், எங்கள் போதகரையும் கூட்டிக்கொண்டு.

பிளேன்ரீ தந்தா. தன் வேதாகமத்தைக் கொண்டுவந்து வைத்தா. அப்போஸ்தலர் 2:38க்குச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. முன்னும் பின்னும் ஒரு கோடும் இல்லை. நான் அந்தப் புத்தகத்தையே அவவின் கையில் கொடுத்து, இன்னும் மூன்று இடம் வாசிக்கச் சொன்னேன். 8:16, கர்த்தராகிய இயேசுவின் நாமத்தினாலே. 10:48, கர்த்தருடைய நாமத்தினாலே. 19:5, திரும்பவும் கர்த்தராகிய இயேசு. 2:38ல் இயேசு கிறிஸ்து.

‘அக்கா, வாயால சொல்லவேண்டிய சரியான சொல்லு இதுதான் எண்டால், இதில எது? ஒண்டுக்கொண்டு வித்தியாசம்.’

அவ பதில் சொல்லவில்லை, விரலை 19ம் அதிகாரத்திலேயே வைத்திருந்தா. அங்கே இன்னொன்று இருக்கிறது. பரிசுத்த ஆவி உண்டென்பதையே நாங்கள் கேள்விப்படவில்லை என்று எபேசுக்காரர் சொன்னதும் பவுல் கேட்கிற அடுத்த கேள்வி, அப்படியானால் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள்? ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? கிறிஸ்தவ ஞானஸ்நானத்தில் ஆவியின் பெயர் காதில் விழாமல் போகாது என்பதால்தானே. ‘இயேசுவின் நாமத்தில்’ என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வது, யோவான்ஸ்நானனுடையது இல்லை, இயேசுவுடையது என்று வேறு பிரித்துக் காட்டத்தான். 155ஐ ஒட்டி எழுதிய யுஸ்தீன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் மூன்று பெயரும் சொல்லிக் கொடுப்பதைத்தான் விவரிக்கிறார். செசரியா நகர ஆயர் பசிலியு நாலாம் நூற்றாண்டில் சொன்னதைப் போதகர் எடுத்துச் சொன்னார்: கிறிஸ்து என்றால் அபிஷேகம் பெற்றவர், அபிஷேகம் பண்ணின பிதாவும் அபிஷேகமான ஆவியும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறார்கள். மத்தேயு 28லும் ‘நாமங்களிலே’ இல்லை, ‘நாமத்திலே’. ஒரு நாமம்.

இதெல்லாம் சரிதான், அவ கேட்டுக்கொண்டுதான் இருந்தா. ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் இன்னும் ஒரு வசனம் புரட்டப் போக, போதகர் என் கையைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. கோழி ஒன்று விறாந்தையில் ஏறி இறங்கியது.

பிறகு அவ சொன்னா, எங்களைப் பார்க்காமல், முற்றத்தைப் பார்த்து: ‘தம்முடைய குமாரனைத் தந்தருளினார் எண்டுதானே இருக்கு. ஒரே ஆள் எண்டால் குடுத்தது ஆரை? தன்ர மகனைக் குடுக்கேல்லை, தான் வேற உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தவர் எண்டெல்லோ வரும். குடுத்தவருக்கும் நோகேல்லையெண்டால் அவருக்கு என்ர கதை விளங்காது.’

இதற்கு மேல் நான் என்ன விளக்குவது. கடவுளுடைய நோவைப் பற்றிப் பழைய இறையியலாளர்கள் மிகக் கவனமாகப் பேசுவார்கள், அந்த இடத்தில் நான் அவவைத் திருத்தப் போகவில்லை. ஆனால் சபெல்லியுவின் போதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் புத்தகத்தில் தேடி எடுத்தேன், அவ மகனை வைத்தே கண்டுபிடித்துவிட்டா. குமாரன் உண்மையில் இன்னொருவராக இல்லாவிட்டால், அவ சொன்ன அந்த யோவான் 3:16 வெறும் நாடகம்.

மகனைப் பற்றிப் போதகர் அவவிடம் நேராகச் சொன்னார். அவன் பெற்றது ஞானஸ்நானம்தான், குறை இல்லை. 314ல் ஆர்ல் நகரத்தில் கூடிய சங்கம்கூட, பிழையான கூட்டத்திலிருந்து வருகிறவனிடம் விசுவாசப் பிரமாணத்தைக் கேள், பிதா, குமாரன், ஆவியில் பெற்றிருந்தால் திரும்பக் கொடுக்காதே, கையை மட்டும் வை என்றுதான் சொன்னது. ‘ஒரே ஞானஸ்நானம்’ என்று 381ன் விசுவாசப் பிரமாணத்தில் நாங்கள் எழும்பி நின்று சொல்கிறோம், சொல்லிவிட்டு இருந்துவிடுகிறோம்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். குழந்தைக்குக் கொடுக்கலாமா, தெளிப்பதா முழுக்குவதா என்பது கிறிஸ்தவர்களுக்குள் பழைய வழக்கு. பப்ரிஸ்ற் சபையார் எங்களோடு அதில் முரண்படுவார்கள், ஆனால் பிதாவையும் குமாரனையும் ஆவியையும் பற்றி ஒன்றுதான் சொல்வார்கள். இந்தப் போதனை அப்படியல்ல, இது கடவுள் யார் என்பதில் கை வைக்கிறது. ‘பெந்தெகொஸ்தே ஆட்கள் எல்லாம் இப்படித்தான்’ என்று எங்கள் மூப்பர் ஒருவர் சொல்லித் திரிந்தார், அதுவும் பிழை. இந்தப் போதனை அமெரிக்காவில் 1913ல் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் நடந்த ஒரு முகாமில் துளிர்த்து, 1914ல் மறுஞானஸ்நானமாக வெளிப்பட்டது. 1916ல் அசெம்பிளீஸ் ஒப் கோட் என்ற பெந்தெகொஸ்தேச் சபையே கூடித் திரித்துவத்தை அறிக்கையிட்டு இதை மறுத்தது, அதனால் 150க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தேப் பாஸ்டர்தான் இந்தச் சரித்திரத்தை எனக்குச் சொல்லித் தந்தவர். அவருடைய சபையிலிருந்தும் ஆட்கள் போயிருந்தார்கள்.

பிறகு

அக்கா முழுக்குக்குப் போகவில்லை. மற்ற இரண்டு குடும்பமும் போனது. அதில் ஒன்று ஆறு மாதத்தில் திரும்பி வந்தது, காரணம் திரித்துவம் இல்லை, மகளுடைய கல்யாண விஷயத்தில் பாஸ்டரோடு வந்த மனத்தாங்கல். நான் அதை வெற்றிக் கணக்கில் எழுதவில்லை. மற்றது இன்னும் அங்கேதான், கண்டால் கதைப்போம்.

2025ல் நிசேயாவின் 1700ஆவது வருடம் என்று எல்லா இடமும் பேச்சு. நாங்கள் விழா எடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பிரமாணத்தை ஒரு நாளைக்கு ஒரு வரியாக வாசித்தோம், பதினைந்து பேர் வந்தார்கள், ஒன்பது பேராகக் குறைந்தது. என்னுடைய தண்ணீர் உவமை பிழை என்று முதல் நாளே எழும்பிச் சொன்னேன். அந்த இரண்டு பெடியன்களில் ஒருவன் வந்திருந்தான்.

ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. அக்காவின் மகனுடைய ஞானஸ்நானத்துக்குக் காகிதச் சாட்சி இல்லை. பழைய பதிவேடு 1996 இடப்பெயர்வில் போனதா 2008ல் போனதா என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டது அவதான்: ‘எழுத்தில இருக்கோணும் ஐயா.’ ஞானத்தாய் கனடாவில் இருக்கிறா. வட்ஸ்அப்பில் எடுத்துப் பேசி, எந்த வருடம், யார் குருவானவர், மழை பெய்ததா என்று எல்லாம் கேட்டு, போதகர் இப்போதைய பதிவேட்டில் சாட்சிகளின் பேரில் ஒரு பதிவு போட்டார். 1991, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தா. தகப்பனுடைய முதலெழுத்து பிழை என்றா. போதகர் வெட்டித் திருத்திப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை சிலவேளை அவ அந்தக் கொட்டகைக்கும் போகிறா. போன மாதம் காய்ச்சல் வந்தபோது முதலில் போய் எட்டிப் பார்த்தது அந்தப் பாஸ்டர்தான்.